சங்கு வீட்டுக்கு நீர்நாய்களை நான் விடவில்லை

விலங்கு மருத்துவம் படிக்கும் உங்களிடம் இன்று இங்கே 'பணியில் பொறுமை' என்ற தலைப்பில் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். அழைத்தவருக்கு என்னைத் தெரியாது போலிருக்கிறது. தெரிந்தவர்கள் யாரும் பொறுமையைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட மாட்டார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பழைய ஆட்கள் சிலர் இப்போதே சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

நான் இந்த உயிரியல் பூங்காவில் விலங்கு மருத்துவராக வேலைக்குச் சேர்ந்து, தலை நரைக்கும்வரை இங்கேயே இருந்தேன். ஊசி எப்படிப் போடுவது, மயக்க மருந்து எவ்வளவு கொடுப்பது என்பதையெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் உங்கள் பாடத்தில் இருக்கிறது. என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். பாடத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கெட்டவன் ஒருவன் வந்து மேசையைத் தட்டி மிரட்டினால் முடியாது என்று சொல்லிவிடலாம். அதில் ஒரு கஷ்டமும் இல்லை. உங்களுக்குப் பிடித்தவர்கள், உங்களுக்கு உதவி செய்தவர்கள், சிரித்த முகத்தோடு நியாயமான குரலில் செய்யக்கூடாத ஒன்றைக் கேட்பார்கள். அந்த நேரத்தில்தான் சரி என்று சொல்லிவிடத் தோன்றும். எனக்குத் தோன்றியது.

அந்தக் கதைக்கு முன்னால் ஒரு சின்னக் கதை. நான் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே ஒரு மருத்துவர் இருந்தார். பெயர் வேண்டாம், பெயர் சொல்லிப் புகழ்ந்தால் கோபப்படும் ஆள். மேலிடத்திலிருந்து யார் எதைக் கேட்டாலும் அவர் அறைக்குள் உட்கார்ந்தபடி பதில் சொல்ல மாட்டார். "பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று எழுந்து போய்விடுவார். சற்று முன்புதான் அந்த விலங்கைப் பார்த்துவிட்டு வந்திருப்பார். இருந்தாலும் போவார். ஒரு நாள் யாரோ ஒரு பெரிய அதிகாரி, தன் வீட்டுக் கல்யாண ஊர்வலத்துக்கு எங்கள் யானையை அனுப்பச் சொல்லித் தொலைபேசியில் கேட்டார். இவர் ரிசீவரை மேசைமேல் படுக்கவைத்துவிட்டு நடந்து போய், யானைக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். வந்து, "யானை வராது சார்" என்று சொல்லி வைத்துவிட்டார். யானையைப் பற்றித் தெரியாதா உங்களுக்கு, எதற்கு அவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்று கேட்டேன்.

"ரூம்ல உட்கார்ந்தா அதிகாரி மூஞ்சிதான் கண்ணுல நிக்கும். அங்க போனா யானை மூஞ்சி நிக்கும். யாருக்குப் பயப்படணும்னு அப்பதான் தெரியும்" என்றார்.

சரி, சங்கு வீட்டுக்கு வருகிறேன். வரும்போது வாசலுக்கு நேராக நீங்களே பார்த்திருப்பீர்கள். கான்கிரீட்டில் கட்டிய வெள்ளை வட்டம். மேலே கூரை கிடையாது. உள்ளே எங்கு தேடினாலும் ஒரு மூலை கிடையாது. இரண்டு சரிவுப்பாதைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு உச்சியிலிருந்து நடுவில் உள்ள குளத்துக்கு இறங்கும். தாங்கும் தூண் கண்ணுக்குத் தெரியாது. ஊரில் புதுப்பாணிக் கட்டடங்கள் எழும்பிய காலத்தில், விலங்குகளுக்கும் புதுப்பாணி வீடு வேண்டும் என்று யாரோ ஆசைப்பட்டுக் கட்டியது. அரசாங்கப் பெயர் 'நீர்நாய் இல்லம்'. அப்படி யாரும் சொன்னதில்லை; சங்குபோலச் சுற்றி இறங்குவதால் எல்லோருக்கும் அது சங்கு வீடுதான். வெளிநாட்டிலிருந்து கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் வந்து, தரையில் மல்லாந்து படுத்தெல்லாம் படம் எடுப்பார்கள். பக்கத்திலேயே நீர்நாய் மீன் தின்றுகொண்டிருக்கும். அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

அந்தக் கட்டடம் அழகு. இதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் அதற்கு எதிரி என்று பின்னால் ஒரு பேச்சு கிளம்பியது. எத்தனையோ நாள் காலையில், பூங்கா திறக்கும் முன்பு, அதற்குள் சும்மா போய் நின்றிருக்கிறேன். சுவரில் வெயில் சுற்றி இறங்குவதைப் பார்த்தால் மனசு லேசாகும்.

ஆனால் அதில் குடியிருந்தது நானில்லையே. சரிவுப்பாதைகள் குளத்தைத் தொடாது. தண்ணீருக்கு ஒரு முழம் மேலேயே நின்றுவிடும். பாதை மிதப்பதுபோல் தெரிய வேண்டுமாம். குளமோ கிண்ணம் மாதிரி, சுற்றிலும் வழவழவென்று இருக்கும். வளர்ந்த நீர்நாய் எகிறி ஏறிவிடும். வயதானதும் நொண்டியும் என்ன செய்யும்? அதனால் நான் சேர்வதற்கு முன்பிருந்த காப்பாளர்கள், ஒருத்தருக்குப் பின் ஒருத்தராக, யாரையும் கேட்காமல் அந்த வீட்டைத் திருத்தினார்கள். பாதை நுனியிலிருந்து தண்ணீருக்குள் ஒரு பனங்கட்டையைச் சாய்த்து வைத்தார்கள். குளத்தின் ஓரத்தை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கினார்கள். நீர்நாய் மண்ணிலும் புல்லிலும் புரண்டுதான் உடம்பின் ஈரத்தைத் துவட்டிக்கொள்ளும் என்பதால் ஒரு பக்கம் மண்ணைக் கொட்டி, மேலே கீற்றுக் கொட்டகை போட்டார்கள். பார்க்க மகா அசிங்கம். வருகிறவர்கள் எல்லாம் திட்டுவார்கள். நீர்நாய்கள் திட்டியதில்லை.

என் வேலையின் கடைசி வருஷங்களில், அந்த வீட்டை இடித்துவிட்டு வண்டி நிறுத்த இடமும் சாப்பாட்டுக் கடைகளும் கட்டலாம் என்று ஒரு பேச்சு எழுந்தது. கிண்டியிலிருந்து அடையாறு வரை வண்டி நிறுத்த ஊசி குத்தக்கூட இடமில்லாத ஊர் இது; ஆகவே அந்தப் பேச்சுக்கு மரியாதையும் இருந்தது. அப்போதுதான் மைதிலி வந்தாள். மயிலாப்பூர் மாடவீதிப் பெண், பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் கட்டடக்கலைஞர், என் மகள் வயது. முதல் நாளே சங்கு வீட்டின் நடுவில் நின்று, "ஞாயித்துக்கெழமைன்னா எங்காத்துல எல்லாரையும் இங்கதான் அழைச்சுண்டு வருவா டாக்டர். கோபுரத்துக்கு அப்பறம் நான் அண்ணாந்து பாத்தது இதைத்தான். இதைப் போய் இடிக்கறேங்கறாளே!" என்றாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது.

நானும் அவளும் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. நான் சண்டை போடுவேன், அவள் விளக்குவாள். நான் கெடுத்ததை அவள் சரிசெய்வாள், அவள் பேச்சு எடுபடாத இடத்தில் நான் குரலை உயர்த்துவேன். கடைசியில் இடிப்பது நின்றது. பழையபடியே புதுப்பிக்கலாம் என்று ஆணை வந்தது. அன்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மயிலாப்பூர்க் குளக்கரை வரை அழைத்துப் போய்க் காபி வாங்கிக் கொடுத்தாள். அவளுக்கு நான் பட்ட கடன் அது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நான் சொல்லப்போவது அவளுக்கு எதிராக என்பதால் இதைச் சொல்கிறேன்.

வேலை முடியும்வரை சங்கு வீட்டில் இருந்த நீர்நாய் ஜோடியை மருத்துவமனைக்குப் பின்னால் உள்ள மண் குட்டைக்கு மாற்றினோம். தற்காலிக ஏற்பாடுதான். சுற்றிலும் கம்பி, நடுவில் கலங்கல் தண்ணீர், கரையில் ஒரு புங்கமரம். காப்பாளர் ஏழுமலைக்கு அந்த இடம் பிடிக்கவே இல்லை. அவருடைய அப்பாவும் இங்கே காப்பாளராக இருந்தவர்.

"எங்க நைனா காலத்துல இந்த ஜூவ உயிர் காலேஜுன்னுவாங்கோ டாக்டரம்மா. அவ்ளோ கெத்து. இப்ப இன்னாடான்னா பன்னிக் குட்டை மாரி கீது" என்று தினமும் புலம்புவார்.

அந்தக் குட்டையில், புங்கமர வேருக்கு அடியில், பெண் நீர்நாய் தானாகவே வளை தோண்டியது. சங்கு வீட்டில் இருந்த அத்தனை காலமும் ஒரு தடவைகூட அது குட்டி போட்டதில்லை. கான்கிரீட்டில் எங்கே போய் வளை தோண்டும்? ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் ஏழுமலை குடைகூட இல்லாமல் என் அறைக்கு ஓடி வந்தார். "டாக்டரம்மா, உள்ள கீச்சு கீச்சுன்னு சத்தம் கேக்குது!" என்று வாசலிலேயே நின்று கத்தினார். நாங்கள் இருவரும் வெகுநேரம் மழையில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டோம். ஏழுமலை அழுதார். நானும்தான்.

மார்கழியில் சங்கு வீட்டின் வேலை முடிந்தது. மைதிலி என்னைக் கண்ணை மூடச் சொல்லி உள்ளே அழைத்துப் போனாள். திறந்து பார்த்தேன். கட்டிய அன்று எப்படி இருந்திருக்குமோ அப்படி இருந்தது. வெள்ளை வெளேர் என்று ஒரு கீறல் இல்லை. கீற்றுக் கொட்டகை போய்விட்டது. மண் போய்விட்டது. கொத்திய ஓரங்களைப் பூசி, மெழுகு மாதிரி வழவழப்பாக்கிவிட்டார்கள். பனங்கட்டை இருந்த இடத்தில் சரிவுப்பாதை, தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, அழகாக மிதந்துகொண்டிருந்தது. அவள் வேலை செய்தது பழைய புகைப்படங்களைப் பார்த்து. காப்பாளர்கள் பிற்பாடு செய்த திருத்தம் எதுவும் அந்தப் படங்களில் இல்லை. வேலை நடக்கும்போதே நான் பனங்கட்டையைப் பற்றிக் கேட்டேன். "நீர்நாய் வர்றச்சே பாத்துக்கலாம் டாக்டர்" என்றாள். அவள் கவலையெல்லாம் அப்போது சுவர் விரிசல்.

நீர்நாய் வரும் நாளும் நெருங்கிவிட்டது. காணும் பொங்கலுக்கு ஊரே பூங்காவில் வந்து இறங்கும் அல்லவா? அதற்குள் திறந்துவிட வேண்டும் என்று நாள் குறித்துவிட்டார்கள். ஒரு பெரிய மனிதர் ரிப்பன் வெட்ட வருகிறார். அழைப்பிதழில் தாய் நீர்நாய் குட்டியைக் கவ்விக்கொண்டிருக்கும் படம் போட்டு, குடும்பத்தோடு சொந்த வீடு திரும்புகிறது என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அழைப்பிதழைக் கொடுத்தபோதுதான் விஷயமே தெரியும்.

பூங்கா இயக்குநரின் அறைக்குப் போனேன். அவர் நல்ல மனிதர், பயந்த மனிதர். மைதிலியும் ஏழுமலையும் அங்கே இருந்தார்கள். குட்டிகள் இப்போதுதான் நீந்தக் கற்றுக்கொள்கின்றன, அந்தக் குளத்தில் விழுந்தால் ஏறி வர முடியாது, விட மாட்டேன் என்று சொன்னேன். யாரும் கோபப்படவில்லை. அதுதான் தொல்லை.

"ஒரே ஒரு மணி நேரம் மேடம்" என்றார் இயக்குநர். "ரிப்பன் வெட்டுவாங்க, போட்டோ எடுப்பாங்க, கிளம்பிடுவாங்க. உடனே குட்டைக்குக் கொண்டு போயிடலாம்."

"நான் தண்ணியிலயே நிக்கறேன் டாக்டரம்மா" என்றார் ஏழுமலை. "வலைய கையில வச்சுகினு நிக்கறேன். இன்னா ஆயிடப் போவுது? வூட்ல அல்லாரும் வராங்கோ. பேத்திக்குப் புது கவுன்லாம் எடுத்தாச்சு."

"தண்ணியைக் குறைச்சுடலாம் டாக்டர்" என்றாள் மைதிலி.

மூன்று பேரும் ஆளுக்கொரு வழி சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். ஒவ்வொன்றும் காதுக்கு நியாயமாகத்தான் இருந்தது. இவ்வளவு பேர் இறங்கி வரும்போது நான் மட்டும் முறுக்கிக்கொண்டு நிற்கிறேனோ என்று எனக்கே தோன்றியது. சரி என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போதுதான் யானைக்கு எதிரே போய் நின்றவர் நினைவுக்கு வந்தார். "பாத்துட்டு வந்து சொல்றேன். நீங்களும் வாங்க" என்று எழுந்தேன். இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தபடியே வந்தார்.

முதலில் குட்டைக்குப் போனோம். தாய் ஒரு குட்டியைக் கழுத்தில் கவ்வித் தண்ணீருக்குள் இழுத்துப் போட்டது. நீர்நாய்க் குட்டிக்குப் பிறக்கும்போதே நீச்சல் வராது, பயந்து கத்தும். இதுவும் கத்திக்கொண்டே கரைக்கு வந்து, சேற்றில் நகத்தைப் பதித்து, சறுக்கி, மறுபடி பதித்து, வேரைப் பற்றி மேலே ஏறிவிட்டது. தாய் அதை மறுபடி இழுத்துப் போட்டது. மைதிலி அதுவரை அதைப் பார்த்ததில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

அங்கிருந்து சங்கு வீட்டுக்கு வந்தோம். விழாவுக்காகக் கடைசிக் கை வர்ணம் பூசுகிறவர்கள் உச்சியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் குளத்தருகே நின்று சொன்னேன். தண்ணீரைக் குறைத்தால் பாதை நுனி இன்னும் எட்டாமல் போகும். ஏழுமலை வலையோடு நின்றால் தாய் மிரளும். மேளமும் கைதட்டலும் கேட்டால் இன்னும் மிரளும். மிரண்ட தாய் குட்டியைக் கவ்விக்கொண்டு ஒளிய இடம் தேடி ஓடும். இந்த வீட்டில் மூலையே இல்லை. சுற்றிச் சுற்றி ஓடிவிட்டு, கடைசியில் குட்டியோடு தண்ணீருக்குள்தான் குதிக்கும்.

"நடக்கும்னு என்ன மேடம் நிச்சயம்? நீங்க சொல்றது யூகம்தானே?" என்றார் இயக்குநர்.

பிள்ளைகளே, அவர் சொன்னது உண்மை. நிச்சயம் என்று என்னிடம் ஒன்றும் கிடையாது. நடக்காமலே போயிருக்கலாம். இந்த வேலையில் நிச்சயம் என்பது எல்லாம் முடிந்து, மேசைமேல் உடலைக் கிடத்தி அறுத்துப் பார்க்கும்போதுதான் கிடைக்கும். அதற்கு முன்னால் முடிவெடுப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம். இதையெல்லாம் அங்கே அழகாகச் சொல்ல எனக்கு வரவில்லை. கோபம்தான் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, குளத்துக்குள் இறங்கிவிட்டேன்.

இறங்கினேன் என்பது கௌரவத்துக்குச் சொல்வது. சறுக்கி விழுந்தேன். மார்கழி மாதத்துத் தண்ணீர் மார்பு வரை சில்லென்று ஏறியது. எழுந்து நின்று கரையில் கை வைத்து ஏறப் பார்த்தேன். வழுக்கியது. வேறொரு பக்கம் போனேன். அங்கும் வழுக்கியது. பாதை நுனியைப் பிடித்துத் தொங்கினேன். உடம்பைத் தூக்க முடியவில்லை. உச்சியில் இருந்தவர்கள் சாப்பாட்டை மறந்து சிரித்தார்கள். ஏழுமலை பதறிப்போய்க் கையை நீட்டினார்.

"கை குடுக்காதீங்க ஏழுமலை" என்றேன். "குட்டிக்கு யாரு கை குடுப்பாங்க?"

"மேடம், ப்ளீஸ், மேல வாங்க. ஸ்டாஃப் எல்லாம் பாக்கறாங்க" என்றார் இயக்குநர்.

"வர முடிஞ்சா வர மாட்டேனா சார்?" என்றேன்.

மைதிலிதான் கொதித்துப்போனாள். "இது காலியா கிடந்தா இடிச்சுடுவா டாக்டர். உங்களுக்குத் தெரியாதா? நீர்நாய் இல்லேன்னா இது எதுக்குன்னு கேப்பா. நாம ரெண்டு பேரும் பட்ட பாடெல்லாம் என்னத்துக்கு?"

"அப்போ பனங்கட்டையைத் திரும்பப் போடு. ஓரத்தைக் கொத்திவிடு. நாளைக்கே கொண்டு வந்து விடறேன்."

"போட்டா இது சங்கு வீடே இல்லை."

"போடலேன்னா இது நீர்நாய் வீடே இல்லை."

இரண்டு பேரும் கத்தினோம். அந்த வட்டச் சுவர் எங்கள் குரலைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக் கொடுத்தது. சட்டென்று அவள் பேச்சை நிறுத்தினாள். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு அவளும் இறங்கிவிட்டாள். என்னைச் சமாதானப்படுத்த வருகிறாள் என்று நினைத்தேன். என் பக்கம்கூட வரவில்லை. கரையில் கையை வைத்து ஏறப் பார்த்தாள். இளம் பெண், கையில் பலமுள்ளவள். பாதிவரை ஏறி, முகம் குப்புறச் சறுக்கி வந்தாள். மறுபடி ஏறினாள். மறுபடி சறுக்கினாள். பிறகு அப்படியே நின்றுகொண்டு அந்தப் பூச்சை உள்ளங்கையால் தடவினாள்.

"எவ்வளவு நன்னா பண்ணியிருக்கோம் பாருங்கோ டாக்டர்" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "ஒரு பிசிறு இல்லை."

"உண்மையிலேயே நல்லாத்தான் பண்ணியிருக்கே" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

அவள் மேலே இருந்த இயக்குநரைப் பார்த்தாள். "நீர்நாய் வேண்டாம் சார். ஆனா இந்தச் சுவத்துல ஒரு ஆணி அடிக்கக்கூட நான் விடமாட்டேன்" என்றாள்.

பாவம் அந்த மனிதர். குளத்துக்குள் இரண்டு பெண்கள் தொப்பலாக நனைந்துகொண்டு, ஒருத்தி விலங்கைத் தர மாட்டேன் என்கிறாள், இன்னொருத்தி கட்டடத்தைத் தர மாட்டேன் என்கிறாள். அவர் சரிவுப்பாதையிலேயே உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "மேலிடத்துல கேட்டா டாக்டர் மறுத்துட்டாங்கன்னுதான் நான் சொல்லுவேன் மேடம்" என்றார். "அப்படியே சொல்லுங்க சார்" என்றேன். வர்ணக்காரர்களின் ஏணியை இறக்கி எங்கள் இருவரையும் மேலே ஏற்றினார்கள்.

இதைக் கவனியுங்கள். மறுக்கிறீர்கள் என்றால் உங்கள் பெயரிலேயே மறுங்கள். சூழ்நிலை காரணமாக, நிர்வாகக் காரணங்களால் என்றெல்லாம் எழுதி அதற்குப் பின்னால் ஒளியாதீர்கள். சூழ்நிலைக்கு வாய் கிடையாது. யார் வேண்டுமானாலும் அதை மாற்றிக்கொள்வார்கள்.

திறப்பு விழா நடந்தது. நாகஸ்வரம், பந்தல், சால்வை எல்லாம் இருந்தன. பெரிய மனிதர் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். வெள்ளைச் சுவரும் வெறும் தண்ணீரும்தான் தெரிந்தன.

"எங்கப்பா நீர்நாய்?" என்றார்.

"டாக்டர் அனுமதிக்கலை சார்" என்று இயக்குநர் என் பக்கம் கையைக் காட்டினார்.

"ஏம்மா, ஒரு மணி நேரம் விட்டா என்னம்மா ஆயிடும்?"

"குட்டி செத்துப் போயிடும் சார். உங்க எதிர்லயே" என்றேன்.

பக்கத்தில் ஒலிபெருக்கி இருந்ததை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் வேறு எதையும் சொல்லியிருக்க மாட்டேன். பந்தல் முழுவதும் கேட்டது. நாகஸ்வரக்காரர் பாதியில் நிறுத்திவிட்டார். பெரிய மனிதர் ரிப்பனை வெட்டினார், உள்ளே போகவில்லை, சால்வையையும் வாங்கிக்கொள்ளவில்லை. வண்டி கிளம்பிப் போய்விட்டது. புது கவுன் போட்டுக்கொண்டு வந்த ஏழுமலையின் பேத்தி, நீர்நாய் எங்கே நீர்நாய் எங்கே என்று அழுதது. ஏழுமலை அதைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பொது மேடையில் முறைதவறிப் பேசியதாக என்னிடம் விளக்கம் கேட்டார்கள். மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், எல்லாவற்றையும் மறந்துவிடலாம் என்றும் ஆள் அனுப்பிச் சொன்னார்கள். எழுதவில்லை. நந்தனத்தில் ஓர் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். என் கடைசி மாதங்களை ஒரு மின்விசிறிக்குக் கீழே, மாட்டுத் தடுப்பூசிக் கோப்புகளைப் புரட்டிக்கொண்டு கழித்தேன். ஒரு விலங்கைக்கூடத் தொடவில்லை. பிரிவு உபசார விழா நடக்கவில்லை. அதெல்லாம் எனக்கு ஒன்றும் பெரிதில்லை என்று உங்களிடம் வீரம் பேச மாட்டேன். வலித்தது. திருவான்மியூர்ப் பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது பல நாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதிருக்கிறேன். ஆனால் ஒரு நாள்கூட அந்த ஒரு வரியை எழுதியிருக்கலாமே என்று தோன்றியதில்லை.

சங்கு வீட்டை இடித்தார்களா என்று கேட்பீர்கள். இடிக்கவில்லை. காலியாகக் கிடந்தால் இடித்துவிடுவார்கள் என்று மைதிலி பயந்தாளே, நடந்தது வேறு. குளத்தை வற்றவைத்துவிட்டு மக்களையே உள்ளே விட்டார்கள். இப்போது கல்யாணம் நிச்சயமானவர்கள் பட்டுப்புடவையும் குளிர்கண்ணாடியுமாக வந்து அந்தச் சரிவுப்பாதைகளில் கைகோத்துக்கொண்டு படம் எடுக்கிறார்கள். தி.நகர் ஜவுளிக்கடைக்காரர்கள்கூட விளம்பரம் எடுக்க வருகிறார்கள். மைதிலிக்கு இது தலைகுனிவா பெருமையா என்று அவளுக்கே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உச்சியில் உட்கார்ந்திருப்பாள். எங்கள் சண்டை இன்னும் தீரவில்லை. போன வாரம்கூடத் தொலைபேசியில் பனங்கட்டையைப் பற்றிச் சண்டை போட்டோம்.

நந்தனத்தில் இருந்தபோது ஒரு விடுமுறை நாளில் நான் பூங்காவுக்கு வந்தேன். ஊழியர் வாசல் வழியாக வர மனமில்லை. எல்லோரையும்போல வரிசையில் நின்று சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். நேராக மண் குட்டைக்குப் போனேன். இப்போது அதைச் சுற்றிப் பார்வையாளர்கள் நிற்க இடம் விட்டு, எச்சரிக்கைப் பலகையெல்லாம் வைத்திருந்தார்கள். ஏழுமலை வாளியோடு நின்றிருந்தார். திறப்பு விழாவுக்குப் பிறகு நாங்கள் பேசியதில்லை. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒரு வரிதானாமே டாக்டரம்மா" என்றார். "ஆபீஸ்ல பேசிக்கினாங்கோ. மன்னிப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுத் திரும்பி வந்துடுங்களேன். இன்னாத்துக்கு இந்த வீம்பு?"

"எதுக்கு மன்னிப்பு ஏழுமலை?" என்றேன்.

அவர் குட்டையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்த மழைநாளில் பிறந்தது எத்தனையோ அத்தனையும் கலங்கல் தண்ணீரில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. ஒன்று கரையேறிச் சேற்றில் புரண்டுவிட்டு மறுபடி குதித்தது. ஏழுமலை ஜிலேபி மீன் வாளியைத் தூக்கி என் கையில் கொடுத்து, "போடுங்க" என்றார். பார்வையாளர்கள் விலங்குகளுக்கு உணவு கொடுக்கக் கூடாது என்று எழுதிய பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டு, வாளி காலியாகும்வரை நான் போட்டேன்.